தோட்டத்துக்குக் கங்காணி, கடைக்கு உறவு

மலாயாவுக்கு ஆள் கொண்டுவர ஒரு காலத்தில் அரசாங்கமே வழி செய்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடமுள்ள ஆட்களின் கணக்குக்கேற்ப அதில் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தமிழகத்துத் தொழிலாளர்கள் இலவசமாகக் கப்பலேறினார்கள். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் அந்த ஏற்பாடு நின்றது.

நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த நிதியில் வந்தவர்கள் அல்லர். சொந்தக் காசிலோ கடனிலோ டிக்கெட் எடுத்துச் சபுர் வந்தார்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலாளி ஊருக்குக் கடிதம் போடுவார். மச்சான் மகனோ பக்கத்து வீட்டுப் பையனோ ரஜுலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்குவான். தட்டு கழுவி, மாவு பிசைந்து, ரொட்டி வீசப் பழகி, கறிச்சட்டிக்கு வந்து, கடைசியில் கல்லாவில் உட்காருவான். அவனுக்குப் பயிற்சிக்கூடம் அந்தக் கடைதான்.

1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாண்டு உழைத்த பலர் பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு கைப்பக்குவமும் போயிற்று.

பிறகு தோட்டங்களில் ஆள் குறைந்தபோது, 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜவுளி, நகை, முடிதிருத்தும் கடைகளுக்கோ 2009இல் வெளிநாட்டு ஆள் எடுப்பது முடக்கப்பட்டது. உணவகங்களுக்குப் பெர்மிட்டில் ஆள் வந்தாலும், கை பழகும் நேரத்தில் தவணை முடிந்து போய்விடுகிறார்.

இதை நாம் ஆள் பஞ்சம் என்கிறோம். உண்மையில் அறுந்தது கற்றுக்கொடுக்கும் சங்கிலி. பெர்மிட்டைத் திறப்பதும் மூடுவதும் அரசாங்கத்தின் கையில். கற்றுக்கொடுப்பது நம் கையில்.

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வியாபாரத்துக்கு வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சான்றிதழ் உள்ள வேலைக்குத்தான் நம் பிள்ளைகள் மரியாதை தருகிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-க்கு 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. பல ஆண்டு அனுபவத்தை மதிப்பிட்டே அதை வழங்கும் முறையும் உண்டு. நம் கடைகளில் இருக்கும் மூத்த மாஸ்டர்களுக்கு அதைப் பெற்றுத்தர நம் சங்கம் முன்வர வேண்டும். சம்பளத்தோடு அவர்களிடம் தொழில் பழக நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். ஐம்பதாம் ஆண்டில் தொடங்கினால், அடுத்த தலைமுறையின் அடுப்பு அணையாது, இன்ஷா அல்லாஹ்.