சூரியக் காற்று கண்டறியப்பட்ட வரலாறு

சூரியக் காற்று என்பது சூரியனின் வெளி அடுக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் இடைவிடாது வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம் ஆகும். இதில் பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் உள்ளன. கோள்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறக்குறைய வெற்றிடம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அங்கே சூரியனின் பொருள் ஓயாமல் பாய்கிறது என்பது உறுதியாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கேரிங்டன் கண்ட ஒளி

செப்டம்பர் 1, 1859 அன்று இங்கிலாந்தின் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெண்ணிற ஒளித்திட்டுகள் தோன்றி, சுமார் ஐந்து நிமிடங்களில் மறைந்தன. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து இதைக் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரத்துக்குப் பின் புவியில் கடுமையான காந்தப் புயல் எழுந்தது. கரீபியன் பகுதி வரை துருவ ஒளி தெரிந்தது. அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்திப் பணியாளர்கள் மின்கலங்களைத் துண்டித்துவிட்டு, கம்பியில் தானாகத் தூண்டப்பட்ட மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். ஆயினும் ஒரே ஒரு நிகழ்வை வைத்து ஒளியையும் புயலையும் இணைக்கக் கேரிங்டன் தயங்கினார்.

கெல்வினின் மறுப்பு

1892இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த கெல்வின் பிரபு இத்தொடர்பை மறுத்தார். சூரியன் காந்த அலைகளை எல்லாத் திசைகளிலும் அனுப்பித்தான் புவியில் புயலை உண்டாக்குகிறது என்றால், எட்டு மணி நேரப் புயலுக்கு அது நான்கு மாதங்களில் வெளியிடும் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். எனவே இது தற்செயல் ஒற்றுமையே என்றார்.

கிரீன்விச் வானாய்வகத்தின் எட்வர்டு மாண்டர் 1904இல் இதற்கு விடை கண்டார். காந்தப் புயல்கள் பல, சுமார் 27 நாள் இடைவெளியில் மீண்டும் வந்தன. புவியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒருமுறை சுழல ஆகும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சூரியனின் தாக்கம் எல்லாப் பக்கமும் பரவாமல், குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து குறுகிய தாரைகளாக வருகிறது என்று அவர் முடிவு செய்தார். கெல்வினின் கணக்கு தவறவில்லை. அதன் எடுகோள்தான் தவறியது.

பார்க்கரும் சந்திரசேகரும்

வால்வெள்ளிகளின் அயனி வால்கள் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதற்கு ஒளியின் அழுத்தம் மட்டும் போதாது; அவற்றைத் துகள்களின் தொடர் ஓட்டம் தள்ளுகிறது என்று செருமானிய அறிவியலாளர் லுட்விக் பியர்மன் 1951இல் கூறினார். பத்து இலட்சம் பாகை வெப்பமுள்ள சூரியனின் வெளி அடுக்கு நிலையாக நிற்க இயலாது, ஒலியை விஞ்சும் வேகத்தில் வெளியே பாய வேண்டும் என்று யூஜின் பார்க்கர் கணித வழியில் காட்டினார்.

அவரது கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் ஏற்கவில்லை. அந்த ஆய்விதழின் ஆசிரியர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் கணிதத்தில் யாரும் பிழை காட்டாததால், 1958இல் கட்டுரையை வெளியிட்டார். 1959இல் சோவியத் லூனா விண்கலங்கள் இத்துகள்களை உணர்ந்தன. 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர் 2, மூன்று மாதங்களுக்கு மேல் அளந்தும் ஓட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

மேல் வளிமண்டலங்களில் விளைவு

சூரியச் செயற்பாடு மிகும்போது புற ஊதாக் கதிர்களும் காந்தப் புயல்களும் புவியின் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரியச் செய்கின்றன. செயற்கைக்கோள்கள் மீது காற்றின் உராய்வு கூடுகிறது. ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிட முன்னதாக, 1979 சூலையில் விழுந்ததற்கு இது முதன்மைக் காரணம். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை ஒரு மிதமான காந்தப் புயலாலேயே அழிந்தன.

புவிக்குக் காந்தப்புலம் ஓரளவு காப்பாக உள்ளது. செவ்வாய் தன் பொதுவான காந்தப்புலத்தைப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டது. அங்கே சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 100 கிராம் வளிமத்தை அகற்றுவதாக மேவன் விண்கலத்தின் அளவீடுகள் 2015இல் காட்டின. சூரியப் புயலின்போது இந்த இழப்பு இன்னும் கூடுகிறது. ஒருகாலத்தில் ஆறுகள் ஓடிய செவ்வாய் இன்று குளிர்ந்த வறண்ட கோளாக இருப்பதற்கு இந்த நீண்ட கால இழப்பு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.