இனிப்பும் புளிப்பும்: பொரித்த மீன் உணவொன்றின் வரலாற்றுச் சான்றுகள்

முன்னுரை

வரலாற்றுக்குரிய சான்றுகளைக் கல்வெட்டுகளிலும் சுவடிகளிலும் தேடுகின்ற நாம், உண்கலத்தையும் ஒரு சான்றாகக் கொள்வது அரிது. மலேசியாவின் சீன, மலாய் உணவகங்களில் சியாக்காப் போன்ற மீனை மாவில் தோய்த்து மொறுமொறுப்பாகப் பொரித்து, அதன்மேல் இனிப்பும் புளிப்பும் கலந்த செந்நிறச் சாற்றை ஊற்றிப் பரிமாறுவர். இது பழஞ்சீன மரபு மாறாது வந்த உணவு என்பது பொதுவான எண்ணமாகும். இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெயர்கள் உணர்த்துவன

மலாய் மொழியில் இவ்வுணவு 'ஈக்கான் மாசாம் மானிஸ்' எனப்படும். 'புளிப்பு இனிப்பு மீன்' என்பது அதன் பொருள். கண்டனீசியரும் 'திம் சூன்' என்று சுவையாலேயே இதனைக் குறிப்பர். மாண்டரின் மொழியிலோ 'தாங் சூ' என்பர். 'தாங்' சர்க்கரை, 'சூ' காடி. ஆக, முன்னிரு பெயர்கள் சுவையைச் சுட்ட, இறுதிப் பெயர் அச்சுவையைத் தரும் பொருள்களைச் சுட்டுகின்றது. இவ்விரு பொருள்களின் தொன்மைக்கு உறுதியான சான்றுகள் உள. அரிசி முதலிய தானியங்களிலிருந்து காடி செய்யும் முறைகளைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே இயற்றிய வேளாண்மை நூல் விரித்துரைக்கிறது. கி.பி. 647இல் தாங் பேரரசர் தாய்சோங் சர்க்கரை காய்ச்சும் முறையை அறிந்துவரத் தம் தூதரை மகத நாட்டிற்கு அனுப்பினார் என்று சீன அரச வரலாறு கூறுகிறது. எனவே, 'சீனச் சுவை' எனப்படும் இதன் இனிப்பிலும் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு.

சூசோ நகரத்து மீன்

இவ்வகை உணவுகளுள் புகழ்மிக்கது, சீனாவின் சூசோ நகரத்து 'அணில் மீன்' ஆகும். நன்னீர் மீனின் எலும்பை நீக்கி, தோல் அறுபடாதவாறு சதையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மாப்பொருளைத் தூவிக் கொதிக்கும் எண்ணெயில் இடுவர். சதைத் துண்டுகள் விரிந்து அணிலின் மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். சதையின் ஈரம் ஆவியாகி வெளியேற, மாப்பொருள் இறுகி மொறுமொறுப்பான மேற்றோலாகிறது. சியான்லோங் பேரரசர் 1751 முதல் 1784 வரை தென்னாட்டிற்கு ஆறுமுறை பயணம் மேற்கொண்டார். அவற்றுள் ஒன்றில் இம்மீனை உண்டு மகிழ்ந்தார் என்பது செவிவழிக் கதை.

பயணங்கள் வரலாறு, விருந்தோ கதை. இன்று இம்மீனின்மேல் ஊற்றப்படும் சாற்றுக்குச் செந்நிறம் தருவது பெரும்பாலும் தக்காளிச் சாறே. தக்காளி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. வாங் சியாங்ஜின் 1621இல் தொகுத்த செடிநூலில் அது இடம்பெறினும், நெடுங்காலம் காட்சிக்குரிய செடியாகவே இருந்தது. சீனச் சமையலில் அது பரவலானது அண்மைக் காலத்திலேயாம். ஆதலின், பேரரசர் இம்மீனை உண்டிருப்பினும், இன்று நாம் காணும் செந்நிறச் சாற்றுடன் உண்டிருத்தல் இயலாது.

சொல்லின் பயணம்

'கெட்சப்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்பிற்குரியது. மீனை உப்பிலிட்டு ஊறவைத்துப் பெறும் சாற்றைக் குறித்த 'கே-சியாப்' என்னும் ஹொக்கியன் சொல்லே இதன் மூலம் என்பர் அறிஞர் பலர். தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வணிகம் செய்த ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றனர். அங்குக் காளான் முதலியவற்றின் சாறுகளுக்கும் அது பெயராயிற்று. 1812இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மீஸ் தக்காளியைக் கொண்டு அதனைச் செய்யும் முறையை வெளியிட்டார். மலாய் மொழியில் 'கிச்சாப்' என்பது இன்று சோயாச் சாற்றைக் குறிக்கிறது. மீன்சாற்றுக்குரிய பெயர் கடல் கடந்து, பொருள் மாறி, புட்டியில் அடைபட்டு, மீண்டும் மீனின்மேலேயே வந்து சேர்ந்துள்ளது.

முடிவுரை

மலேசியச் சமையலறையில் இவ்வுணவுடன் சேரும் அன்னாசி, மிளகாய், சோளமாவு ஆகியவையும் அமெரிக்கக் கண்டம் தந்தவையே. இதனால் இவ்வுணவு சீனருடையது அன்று என்று கொள்ளல் தவறாகும். பழைய முறையொன்று புதிய பொருள்களை ஏற்றே உயிர்வாழ்ந்துள்ளது என்பதே நாம் பெறும் முடிவு.

இம்முடிவு நமக்கும் உரியது. மிளகாய் இல்லாத தமிழர் சமையலை இன்று எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆயினும் அது போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. முன்பு நமக்குக் காரம் தந்தது மிளகே. மிளகை அடியாகக் கொண்டு அமைந்த 'மிளகாய்' என்னும் சொல்லே அதற்குச் சான்று. நம் உணவுகளின் தொன்மையை மாணவர்க்கு எடுத்துரைக்குமுன், அரசர் கதைகளை நம்பாது, உணவிலுள்ள ஒவ்வொரு பொருளும் எப்போது, எவ்வழியே வந்தது என்று வினவுதல் வேண்டும். அவ்வினா நம் பெருமையைக் குறைக்காது. அதனை உண்மையின்மேல் நிறுத்தும்.