மரப்பலகையில் உழவர்

குற்றாலத்துச் சித்திரசபைக்கு என் வகுப்பினரை ஆண்டுதோறும் அழைத்துச் செல்வது வழக்கம். அதன் சுவர்களிலே தெய்வங்களும் புராணக் காட்சிகளும் வண்ணத்தில் விளங்குகின்றன. ஒருமுறை ஒரு சிறுவன், "ஐயா, இதில் நாற்று நடுகிறவர்கள் எங்கே?" என்று வினவினான். அவன் தாய் மேலகரத்து வயல்களில் நடவுக்குச் செல்பவர். அன்று என்னிடம் விடை இல்லை. பிற்பாடு தேடிப் படித்ததையே இன்று சொல்கிறேன்.

ஆசிரியப் பயிற்சியின்போது வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தோய்த்துத் தாளில் பூப் பதித்தோம். மரச்செதுக்கு அச்சுக்கும் அடிப்படை அதுதான். வெள்ளையாய் இருக்கவேண்டிய இடத்தைப் பலகையில் குடைந்தெடுத்துவிட்டு, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் விழும். ஒரே பலகையில் நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். சுவரோவியத்தை நாம் தேடிப் போகவேண்டும். அச்சுப்படமோ நம் வீட்டுக்கே வரும். ஏழைகளின் பாட்டைச் சொல்ல விரும்பியவர்கள் இதனை நாடியதில் வியப்பில்லை. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1908இல் முடித்த 'உழவர் போர்' என்னும் செப்புத்தகட்டு அச்சு வரிசையிலே, மனிதரே மாடாகி ஏர் இழுக்கின்றனர்.

நம் நாட்டில் இக்கலைக்கு வேகம் தந்தது 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம். மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பர். அவர்களுள் நிலமற்ற கூலிகளே மிகுதி. சித்தபிரசாத் என்ற இளைஞர் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, கண்டவற்றை வரைந்து, 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாக்கினார். ஆங்கில அரசு அதனைப் பறிமுதல் செய்து எரித்தது. ஆயினும் அவர் குடும்பத்தாரிடம் ஒரு படி தப்பியது. பின்னாளில் அவர் லினோலியத்தில் செதுக்கி, உழைக்கும் சிறுவர்களையும் அச்சிட்டார்.

அவரிடம் ஊக்கம் பெற்றவர் சோமநாத் ஹோர். வங்கத்துக் குத்தகை உழவர் விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்து வந்தனர். நம் பக்கத்து வாரச் சாகுபடி போன்றதே அது. மூன்றில் இரு பங்கு தமக்கு வேண்டுமென்று 1946இல் அவர்கள் எழுந்தனர். அதுவே தெபாகா இயக்கம். அந்த ஆண்டு டிசம்பரில், 25 வயதான ஹோர் ரங்பூருக்குச் சென்று, அவர்களோடு தங்கி, நாட்குறிப்பும் படங்களும் எழுதினார். பின்னர் அவற்றை மரத்தில் செதுக்கினார். 1970களில் மையே இன்றி, வெள்ளைக் காகிதக் கூழில் காயங்களை மட்டும் பதித்தார். அறிஞர்கள் அவற்றையே பெரிதும் போற்றுவர். எனக்கென்னவோ பழைய மரச்செதுக்குகளே நெருக்கமானவை. அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்றின் நகலை அடுத்த ஆண்டு அந்தச் சிறுவனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். அம்மாவிடம் காட்ட எடுத்துப் போகலாமா என்று கேட்டான். கொடுத்தேன். படம் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.