டோனாவூரும் ஏமி கார்மைக்கேலின் பலவீனமும்

பலவீனத்தில்தான் கிறிஸ்துவின் வல்லமை தங்குகிறது என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். உடலில் தைத்த முள் நீங்காத நிலையில் அவர் கண்ட நம்பிக்கை அது. திருநெல்வேலிச் சீமையில் அதற்கு உருவம் கொடுத்தது டோனாவூர்.

1867-இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேலை நரம்புவலி ஓயாமல் வாட்டியது. உடல்நலம் போதாதென்று சீனாவுக்கான மிஷன் அவரை ஏற்கவில்லை. ஜப்பானிலும் நோயுற்ற அவர் 1895-இல் இந்தியா வந்தார். 1901-இல் கோயிலிலிருந்து தப்பிவந்த சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து வளர்ந்ததே டோனாவூர் குழந்தைகள் இல்லம். பிள்ளைகளுக்கு அவர் ‘அம்மா’ ஆனார்.

1931 அக்டோபரில் களக்காட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கினார். ஓடியாடி உழைத்தவருக்கு எழுத்தே ஊழியமாயிற்று. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் நூல்கள் தம் மனத்தைத் தொடவில்லை என்பதை உணர்ந்து, நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை ஆக்கினார். 1933-இல் வெளிவந்த அந்நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. வலி தீரவில்லை, ஆனால் துன்பப்படுவோரிடம் பேசும் உரிமையை அவருக்குத் தந்தது அந்த வலியே.