பல்பு எரிஞ்சா எர்த் சரியா இருக்குன்னு அர்த்தமா?

போன மே மாசம் எங்க வாடகை வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறக்கப் போன அம்மாவுக்குச் சுள்ளுன்னு ஒரு ஷாக். நல்லவேளை, பெருசா ஒண்ணும் ஆகல. "இனிமே எல்லாரும் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் திறக்கணும்"னு உத்தரவு போட்டாங்க.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணா வந்தாரு. பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தாரு. அதுல 100 வாட் குண்டு பல்பு, ரெண்டு வயர். ஒரு வயரை ப்ளக் பாயின்ட்ல ஃபேஸ்லயும், இன்னொண்ணை மேல இருக்கிற பெரிய ஓட்டையில, அதாவது எர்த்லயும் வெச்சாரு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. "எர்த் சூப்பரா இருக்கு, ஃப்ரிட்ஜ்லதான் கோளாறு"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு.

ஃப்ரிட்ஜ்ல கோளாறு இருந்தது உண்மைதான். ஆனா எர்த் சூப்பரா இல்ல. அந்த பல்பு எங்களை எப்படி ஏமாத்துச்சுன்னு தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள்ள மாட்டிக்கிட்டேன்.

மின்சாரம் இருக்கான்னு பார்க்க மனுஷன் முதல்ல நம்பினது தன் உடம்பைத்தான். 1800-ல் மின்கலத்தை உலகத்துக்கு அறிவித்த வோல்ட்டா, உலோகங்களை நாக்கில் வைத்துப் பார்த்தவர். அது ஏதோ பழங்காலம்னு நினைச்சிடாதீங்க. 1913-ல் முதல் பதிப்பு வந்த, டெரல் கிராஃப்ட் எழுதிய அமெரிக்க எலெக்ட்ரீஷியன் கையேட்டின் பழைய பதிப்புகளில், வீட்டு மின்சாரத்தை விரலால் தொட்டுப் பார்க்கும் முறை விளக்கப்பட்டிருக்கு. காலிங் பெல் மாதிரி குறைந்த வோல்ட்டேஜ் வயருக்கு நாக்கு! தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. நாக்கு, விரல், பல்பு மூணும் சொல்ற பதில் ஒண்ணுதான்: 'இருக்கு' அல்லது 'இல்ல'. 'எவ்வளவு'ங்கிற கேள்விக்கு அதுங்ககிட்ட பதில் கிடையாது.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்குப் புரிய வெச்சது கடலுக்கடியில் போட்ட ஒரு கேபிள். 1858-ல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே தந்திக் கேபிள் போட்டாங்க. அட்லான்டிக் நடுவிலிருந்து ரெண்டு கப்பல் எதிரெதிர் திசையில் கேபிளை இறக்கிக்கிட்டே போக, அது அறுந்துடாம இருக்கான்னு கப்பலுக்குக் கப்பல் சிக்னல் அனுப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. சிக்னல் வந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி வேலை முடிஞ்சது. ஆனா விக்டோரியா ராணியின் வாழ்த்துச் செய்தி, 100 வார்த்தை கூட இல்லாதது, போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆச்சு. கம்பி அறுந்திருக்கல. ஆனா மேலே சுத்தியிருந்த இன்சுலேஷன் பல இடங்களில் பலவீனமா இருந்தது. பொறுப்பில் இருந்த ஒயிட்ஹவுஸ், தொழிலால் மருத்துவர். சிக்னலைப் பலப்படுத்த சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். சில வாரங்களில் கேபிள் செத்துப்போச்சு.

அந்த அடிக்குப் பிறகுதான் அளவுகோல் தேடினாங்க. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, யோசனை சொல்ல, 1861-ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழுவை அமைத்தது. மின்தடைக்கு எல்லாரும் ஒத்துக்கிற அளவு வேணும். அப்பதான் ஒருத்தர் சோதிச்ச கேபிளை இன்னொருத்தர் நம்ப முடியும். இன்னைக்கு நாம சொல்ற 'ஓம்' அந்தக் குழுவின் வேலையிலிருந்து வளர்ந்து வந்ததுதான்.

அடுத்து, அந்த அளவைத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போகணுமே! 1889-ல் லண்டனில் சிட்னி எவர்ஷெட் கையில் எடுத்துட்டுப் போகக்கூடிய இன்சுலேஷன் சோதனைக் கருவி செஞ்சார். 1903-ல் 'மெக்கர்' என்ற பெயர் பதிவாச்சு. பெட்டிக்குள்ளேயே சின்ன ஜெனரேட்டர். கைப்பிடியைச் சுத்தினா நூற்றுக்கணக்கான வோல்ட் வரும், முள் மெகா ஓம்ல எண்ணைக் காட்டும். நம்ம ஊர்ல இன்னைக்கும் "மெக்கர் போட்டுப் பாரு"ன்னுதான் சொல்றோம். அதோட சொந்தக்காரன்தான் எர்த் மெக்கர். மண்ணில் ரெண்டு கம்பி அடிச்சு, எர்த் குழி எத்தனை ஓம்னு அளக்கிறது.

இப்ப எங்க வீட்டுக்கு வருவோம். மறுநாள் வந்த பெரியவர் எர்த் மெக்கரோட வந்தாரு. அளந்து பார்த்துட்டு, "தம்பி, 50 ஓம் காட்டுது"ன்னாரு.

கணக்கைப் பாருங்க. 100 வாட் பல்புக்குத் தேவை வெறும் 0.4 ஆம்பியர். அதோட சொந்தத் தடையே 500 ஓமுக்கு மேல. வழியில் இன்னொரு 50 ஓம் சேர்ந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைச்சிடும், பளிச்சுன்னு எரியும். ஆனா ஃப்ரிட்ஜ் உள்ளே ஃபேஸ் வயர் பாடியைத் தொட்டுட்டா? 230 வோல்ட்டை 50 ஓமால் வகுத்தா 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஃப்ரிட்ஜ் பாடி முழுக்க கரன்ட் நிக்கும். தொடுறவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். அம்மா தொட்ட அன்னைக்கு லீக்கேஜ் சின்னதா இருந்தது. அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம்.

காரணம் ரொம்பச் சாதாரணம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற எர்த் குழிக்கு யாரும் தண்ணியே ஊத்தல. வெயிலில் மண் காய்ஞ்சு, தடை ஏறிடுச்சு. பெரியவர் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் மாத்தி, தண்ணி விட்டு, மறுபடி அளந்தாரு. எண் நல்லா இறங்கிடுச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட பேசி ஆர்.சி.சி.பி.யும் போட வெச்சோம். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே லைனை வெட்டிடும்.

அந்த அண்ணா மேல எனக்குக் கோபமில்ல. அவர் கத்துக்கிட்ட முறை அது. கேபிள் போட்ட இன்ஜினியர்களே அதே தப்பைத்தான் பண்ணாங்க: சிக்னல் வருது, அப்ப எல்லாம் சரி. அடுத்த தடவை உங்க வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வந்து "எர்த் இருக்கு"ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை ஓம் அண்ணா?"