செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வும் நோயெதிர்ப்புச் செல்களும்

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு என்பது காசநோய்த் தடுப்பூசியின் பயனை அறிய 1968-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாபெரும் கள ஆய்வு ஆகும். தெற்கே மாமல்லபுரம் கடற்கரையும் வடக்கே பழவேற்காடும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆய்வு நடந்த ஊர்கள் இப்போது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

ஆய்வின் தேவை

பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய ஆய்வில் பி.சி.ஜி. ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ பயன் மிகக் குறைவு. இந்த முரண்பாட்டைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து இந்த ஆய்வை மேற்கொண்டன.

மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. சிலருக்குத் தடுப்பூசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன. பின்னர் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை மூலம் பல ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர்.

எதிர்பாராத முடிவு

1979-இல் வெளியான முதல் அறிக்கை உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஏழரை ஆண்டுகளில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. 1999-இல் வெளியான 15 ஆண்டு முடிவும் இதை உறுதிப்படுத்தியது.

இத்தனைக்கும் ஊசி உடலில் வேலை செய்யாமல் இல்லை. காசநோய்க் கிருமியின் புரதச் சாறான டியூபர்குலினைத் தோலில் செலுத்தினால், நோயெதிர்ப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் அவ்விடம் தடிக்கும். தடுப்பூசி போட்ட இரண்டரை மாதத்தில் இந்தத் தடிப்பு நன்றாகவே தெரிந்தது. இரண்டரை ஆண்டுக்குள் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தடிப்பு எப்படி உண்டாகிறது?

அந்தத் தடிப்பு டி செல்கள் என்னும் வெள்ளணுக்களின் பயணத்தால் விளைவது. முதலில் வந்து சேரும் சில டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் அருகிலுள்ள செல்கள் கீமோகைன்கள் என்ற சிறு புரதங்களை வெளியிடுகின்றன. இவை வழிகாட்டிப் பலகை போன்றவை. இரத்தத்தில் செல்லும் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, அதைத் துளைத்து வெளியேறி, கீமோகைன் அதிகம் உள்ள திசையை நோக்கி நகர்கின்றன.

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. நீண்ட நாள் உயிரோடு இருக்கவும் வேண்டும். ஒரு தாக்குதல் முடிந்ததும் பெரும்பாலான டி செல்கள் தாமாகவே மடிகின்றன. எஞ்சும் சில நினைவுச் செல்களாகின்றன. இன்டர்லூக்கின்-7 என்ற புரதம் அவற்றுக்கு வாழும் சமிக்ஞை தருகிறது. செல்லுக்குள் உள்ள பி.சி.எல்.-2 புரதம் தற்சாவைத் தடுக்கிறது.

ஆய்வு கற்றுத்தந்த பாடம்

தோல் தடிப்பு, செல்கள் அங்கு வந்தன என்பதற்குச் சான்று. நுரையீரலில் கிருமியை அடக்கும் என்பதற்கு அது சான்று அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்பதைச் செங்கல்பட்டு உணர்த்தியது. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியாக்கள் மக்களின் நோயெதிர்ப்பை முன்பே பழக்கிவிட்டதால் தடுப்பூசி கூடுதல் பயன் தரவில்லை என்பது ஒரு முக்கிய விளக்கம். வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன.

ஆயினும் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களிலிருந்து அது காப்பதால், இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. பெரியவர்களையும் காக்கும் புதிய தடுப்பூசியைத் தேடுவோர் கேட்கும் கேள்வி இதுதான்: செல்கள் நுரையீரலைச் சென்றடைந்து, அங்கே நிலைத்து வாழுமா? தங்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட கிராம மக்களின் பங்கு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.