மலாயாக் காசும் மலாயா உழைப்பும்: யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் குடிபெயர்வு பற்றிய ஒரு நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய ஊர்களில், போரினால் அழிந்தவை போக, இன்னும் சில பெரிய கல்வீடுகள் எஞ்சி நிற்கின்றன. அகன்ற விறாந்தையும் உயர்ந்த தூண்களும் கொண்ட அவ்வீடுகளைச் சுட்டி, "மலாயாக் காசில் கட்டிய வீடு" என்று அயலவர் கூறுவர். அத்துடன் அவ்வீட்டின் வரலாறு முடிந்துவிடுகின்றது. அக்காசு எந்நிலத்தில், எவருடைய உழைப்பினால், எத்தகைய உறவுகளின் ஊடாக உண்டாயிற்று என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாயாவுக்குச் சென்றோர் பற்றி நம்மிடையே வழங்கும் நினைவு ஒரு புகழ்க்கதையாகவே அமைந்துள்ளது. வரண்ட மண்ணிற் பிறந்த இளைஞர் கல்வியையும் சிக்கனத்தையும் துணையாகக் கொண்டு கடல் கடந்து, காடும் மழையும் மலேரியாவும் நிறைந்த ஓர் அயனமண்டல நாட்டில் புதுவாழ்வு தேடினர், உழைத்தனர், உயர்ந்தனர் என்பதே அக்கதையின் சாரம். இதிற் பொய் இல்லை. ஆயின் முழு உண்மையும் இல்லை. ஒரு சமூகத்தின் இயல்பான குணநலன்களைக் கொண்டு அதன் வரலாற்றை விளக்க முற்படும்பொழுது, அக்குணநலன்களைத் தோற்றுவித்த பொருளியல் நிலைமைகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. கப்பலேறுவதற்கு முன்னரே ஒருவன் அக்கரையில் யாராக வாழப்போகிறான் என்பது பெருமளவு தீர்மானிக்கப்பட்டிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்குப் புறம்பாக நின்ற பிரதேசம். ஆறில்லை, கிணற்று நீரும் புகையிலைச் செய்கையும் பனையுமே பெரும்பான்மையோருக்கு ஆதாரம். காணிகளோ சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டு வந்தன. இந்நிலையில் 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் நிறுவிய பாடசாலைகளும், 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், அவற்றுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த சைவக் கல்வி இயக்கமும் குடாநாட்டின் கல்விப் பரப்பை விரிவாக்கின. நிலம் தரமுடியாத வருவாயை ஆங்கிலக் கல்வி தரும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. "கோழி மேய்த்தாலும் கோர்ணமெண்டில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி அந்நம்பிக்கையின் சுருக்கம்.

எனினும் அக்கல்வி எல்லோருக்கும் கிட்டியதன்று. கட்டணம் கொடுத்துப் பிள்ளையை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பக்கூடிய காணியுடையோரே அதனாற் பெரும்பயன் அடைந்தனர். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்திலே இருத்தப்பட்டனர். அவர்களுக்குச் சம ஆசனம் வழங்க முற்பட்டபொழுது, 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற்கூடப் பாடசாலைகள் தீயிடப்பட்டன. ஆகவே மலாயாவுக்குச் சென்ற 'யாழ்ப்பாணத்தவர்' என்று பொதுப்படக் கூறும்பொழுது, யாழ்ப்பாணத்தவர் அனைவரையும் நாம் குறிப்பதில்லை.

கற்றவர் தொகை பெருகிய வேகத்தில் இலங்கையில் உத்தியோகங்கள் பெருகவில்லை. இவ்வாறு திரண்ட ஆங்கிலங் கற்ற இளைஞர் கூட்டத்துக்குக் கடலுக்கு அப்பால் ஒரு சந்தை திறந்தது.

3

அச்சந்தை திறந்தமை தற்செயலன்று. 1874 இல் பங்கோர் உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியர் மலாய் அரசுகளில் நேரடியாகத் தலையிடத் தொடங்கினர். பேராக்கின் முதலாவது பிரித்தானிய ரெசிடென்ற் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பேர்ச் முன்னர் இலங்கைச் சிவில் சேவையில் பணியாற்றியவர் என்பது கவனிக்கத்தக்கது. நிலத்தை அளத்தல், தெருவமைத்தல், இருப்புப்பாதை இடல், வரி திரட்டல் ஆகியவற்றில் இலங்கையிலே பெற்ற அனுபவம் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறத்தாழ எட்டு மைல் நீளத்துக்கு, மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதனை அமைக்கும் வேலைக்கு இலங்கையிலிருந்தே பயனியர் படையினர் அழைக்கப்பட்டனர். 1896 இல் பேராக், செலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் இணைக்கப்பட்டன. 1901 இல் அக்கூட்டரசின் புகையிரதப் பகுதிக்குத் தலைமை ஏற்ற சி. ஈ. ஸ்பூனர் இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் இருந்து வந்தவர். தாம் அறிந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரையும் தொழினுட்ப உதவியாளரையும் அத்தகையோர் விரும்பி வரவழைத்தனர்.

மூலதனமும் அதே வழியிற் சென்றது. 1869 இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பிச் செய்கையை அழித்தது. நட்டமடைந்த துரைமாருட் சிலர் மலாயாவை நாடினர். 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹேனரத்கொடைக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பயிரும் மூலதனமும் நிருவாகியும் எழுதுவினைஞனும் பேரரசின் ஒரே பாதையிலே பயணஞ் செய்தமையை இங்கு காண்கிறோம். யாழ்ப்பாணத்து இளைஞனின் துணிவு மெய்யானதே. ஆயின் அத்துணிவுக்கு வழி வகுத்தது ஏகாதிபத்தியத்தின் தேவை. ஐரோப்பியனை அமர்த்துவதிலும் பார்க்க மிகக் குறைந்த செலவில் ஆங்கிலத்திற் கணக்கெழுதவும் கோவை பேணவும் நிலையம் நடத்தவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். யாழ்ப்பாணத்துக் கல்வி ஓர் ஏற்றுமதிப் பண்டமாயிற்று.

4

இதே காலத்தில் மற்றொரு தமிழர் கூட்டமும் மலாயாவுக்குச் சென்றுகொண்டிருந்தது. நாகபட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தளத்திலே படுத்துச் சென்ற தென்னிந்தியக் கிராமத்து உழவுத் தொழிலாளர் அவர்கள். பெருந்தொகையினர் நிலமற்றவர்; ஒடுக்கப்பட்ட சாதியினர். 1910 வரை ஒப்பந்தக் கூலி முறையும், அதற்குப் பக்கத்திலும் பின்னரும் கங்காணி முறையும் அவர்களைத் தோட்டங்களிற் சேர்த்தன. 1907 இல் உருவாக்கப்பட்ட தமிழர் குடிவரவு நிதி, தோட்ட முதலாளிமாரிடம் அறவிட்ட பணத்தைக் கொண்டு அவர்களது பயணச் செலவை ஏற்றது. உழைப்பாளரின் வருகை ஒழுங்கு செய்யப்பட்ட ஒரு கைத்தொழில் போல் நடைபெற்றது.

இரு கூட்டத்தாரும் பேசிய மொழி ஒன்று. வணங்கிய தெய்வங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆயின் இறப்பர்த் தோட்டத்தின் படிநிலை வேறு கதை கூறும். உச்சியில் வெள்ளைத்துரை, அவருக்குக் கீழ் 'கிராணி' எனப்பட்ட எழுதுவினைஞர், அவருக்குக் கீழ் கங்காணி, அடியில் விடியுமுன் எழுந்து மரஞ் சீவிப் பால் எடுக்கும் ஆணும் பெண்ணும் சிறுவரும். கிராணியாக அமர்ந்தவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. செக்றோல் அவர் கையில் இருந்தது. ஒருவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதை அவரது பேனா பதிந்தது. தாய்மொழி ஒன்றாயிருந்தமை தொழிலாளியைத் தோழனாக்கவில்லை. துரையின் கட்டளையை அவன் விளங்கும் மொழியிற் சொல்லும் வசதியையே தந்தது. புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் இதே அமைப்பைக் காணலாம். நிலையத்துள் யாழ்ப்பாணத்துத் தமிழ். பாதையோரத்துக் கூலிக் குழுவில் தஞ்சாவூர்த் தமிழும் சேலத்துத் தமிழும்.

இங்கு நாம் ஒருதலைப்பட்சமாக நோக்குதல் தகாது. எழுதுவினைஞரும் ஆளப்பட்டவரே. 1904 முதல் மலாயாச் சிவில் சேவை தாய்வழி தந்தைவழி இரண்டினாலும் தூய ஐரோப்பியராய் இருப்பவருக்கே என விதிக்கப்பட்டது. எத்துணைத் திறமை இருப்பினும் யாழ்ப்பாணத்தவர் கீழ்நிலை உத்தியோகங்களைத் தாண்ட முடியாது. இந்த அவமதிப்பு அவரைத் தமக்குக் கீழிருந்தோருடன் இணைத்திருக்கலாம். ஆயின் ஓய்வூதியமும் அரசாங்கக் குடியிருப்பும் தந்த பாதுகாப்பு அவரை மேலே இருந்தோரிடம் விண்ணப்பஞ் செய்பவராகவே வைத்திருந்தது. 'சிலோன் தமிழர்' என்ற தனி அடையாளமும் அதன் பெயரால் எழுந்த சங்கங்களும் இந்நிலையின் விளைவுகள். இந்தியக் 'கூலி'களோடு தம்மை எண்ணிவிடலாகாது என்ற அச்சம் அவ்வடையாளத்தினுள்ளே பொதிந்திருந்தது.

5

பண்பாட்டுத் துறையிலும் இதன் சாயலைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் 1887 இல் சிங்கப்பூரில் வெளியிட்ட 'சிங்கைநகர் அந்தாதி' அந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றின் தொடக்கத்தில் வைத்து எண்ணப்படுவது. புதிய துறைமுக நகரொன்று பழைய பிரபந்த வடிவத்துள் தலமாகியது. கோலாலம்பூரில் 1904 இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியது. பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோவில் எழுந்தது. தாயகத்திலிருந்து வந்தோர் தமக்கு அறிமுகமான வடிவங்களால் அந்நிய நிலத்தை வாழத்தக்கதாக்கிக் கொண்டமை மனித இயல்பு. ஆயினும் அவ்வடிவங்களில் சுங்கச்சாவடிக் கூலிக்கோ பால்வாளி சுமந்த பெண்ணுக்கோ இடமிருக்கவில்லை. அவர்களது அனுபவம் அச்சேறாத வாய்மொழிப் பாடலில் வாழ்ந்தது. அதனை இலக்கியமாக மதித்துத் தொகுக்கும் முயற்சி பல தசாப்தங்கள் கழிந்தே தொடங்கியது.

ஊருக்கு வந்த காசுக்கட்டளைகள் என்னவாயின? காணி வாங்கப்பட்டது, கல்வீடு எழுந்தது, சகோதரிமாருக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது, கோவில் திருப்பணி நடந்தது, அடுத்த பிள்ளையின் ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் செலுத்தப்பட்டது. உற்பத்தியை வளர்க்கும் தொழில் முயற்சிகளில் அது அரிதாகவே இடப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் மிக நவீனமான துறைகளிற் சம்பாதித்த பணம், ஊரிலே நிலமானிய உறவுகளுக்கு மறுஉயிர் அளித்தது. மலாயா மாப்பிள்ளைக்கு உயர்ந்த சீதனம், காணியின் மதிப்பை உயர்த்தியது. காணியுடையவனின் அதிகாரம் அவனிடம் குடிமை செய்தோர்மேல் மேலும் இறுகியது. கணவன் அக்கரையில் இருக்க, பிள்ளைகளையும் வளவையும் வழக்குகளையும் தனியே தாங்கிய பெண்ணின் உழைப்போ எக்கணக்கிலும் எழுதப்படவில்லை.

6

1930 இல் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியது. இறப்பர் விலை வீழ்ந்ததும் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை இருந்தபொழுது அழைக்கப்பட்டோர் வேலை இல்லாதபொழுது சரக்குப் போலத் திருப்பப்பட்டனர். எழுதுவினைஞரும் ஆட்குறைப்புக்கு உள்ளாயினர். மலாயரை உத்தியோகங்களுக்கு எடுக்கும் கொள்கையும் அவர்களுக்குக் கதவை ஒடுக்கியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. காசுக்கட்டளைகள் நின்றன, யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல மூன்றரை ஆண்டுகள் செய்தியின்றித் தவித்தன. அதே ஆண்டுகளில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா மரணப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். இரு துயரங்களும் உண்மையானவை. ஆயின் நமது ஊர் நினைவில் முதலாவதே நிலைபெற்றுள்ளது.

1957 இல் மலாயா சுதந்திரமடைந்த பின்னர் இவ்வேறுபாடு மேலும் தெளிவாயிற்று. 1968 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதோருக்கு வேலை அனுமதியை வற்புறுத்தியபொழுது, தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பால் மரங்களை நட்டு வளர்த்தோர் அந்நியராயினர். இது நமக்குப் புதிய கதையன்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இலங்கையின் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டனர்; 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. அச்சட்டத்தை யாழ்ப்பாணத்துத் தலைமை ஒருமுகமாக எதிர்க்கவில்லை. எதிர்த்தோருள் முதன்மையான சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 இல் மலாயாவின் ஈப்போவிற் பிறந்து, நான்கு வயதளவில் தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்தவர். வட்டுக்கோட்டையிற் பிறந்து, இறப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராயிருந்த தந்தையின் கீழ் சிரம்பானில் வளர்ந்த சி. இராஜரத்தினமோ 1965 இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சரானார். இனங் கடந்த தேசியத்தைப் பேசினார். ஒரே குடிபெயர்விலிருந்து வெவ்வேறு அரசியல்கள் பிறத்தல் கூடும். பிறப்பன்று, எடுக்கும் நிலைப்பாடே தீர்மானிப்பது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

7

1983 க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தவர் முன்னெப்போதும் இல்லாத அளவிற் சிதறிச் சென்றனர். அது உத்தியோகம் தேடிய பயணமன்று. உயிர் தப்பிய ஓட்டம். ஆயினும் வெளிநாட்டுக் காசு ஊரில் மீண்டும் காணியாகவும் மாடியாகவும் கோபுரமாகவும் சீதனமாகவும் உருவெடுக்கும் காட்சியைக் காண்போர், மலாயாக் காலத்தின் பொருளியலை நினையாதிருக்க முடியாது. அக்காசு பெறாதோர் யார், எவருடைய உழைப்பு அதனை ஈட்டியது என்ற வினாக்களும் மீண்டும் எழுகின்றன.

மலாயாக் குடிபெயர்வின் வரலாறு இனிமேல்தான் முறையாக எழுதப்படல் வேண்டும். ஓய்வூதியரின் கடிதங்கள், காசுக்கட்டளை ஒட்டுகள், சீதன உறுதிகள், கோவில் நன்கொடைப் பலகைகள் ஆகியன வீடுகளின் பெட்டகங்களிலும் சுவர்களிலும் அழிந்து வருகின்றன. அவற்றைத் திரட்டுவது அவசரமான பணி. ஆனால் அவற்றை மாத்திரம் திரட்டினால் பழைய புகழ்க்கதையையே விரிவாக எழுதியவராவோம். தோட்டத்து முதியவர்களின் வாய்மொழியையும் செக்றோலில் பெயர் மட்டும் பதிவான மனிதரின் வாழ்க்கையையும் அவற்றுடன் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்தல் வேண்டும். அப்பொழுதுதான் அந்தக் கல்வீட்டின் முன் நிற்கும் நாம், அதன் சுவரில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோடு மலாயாக் காட்டின் வியர்வையும் கலந்திருப்பதை அறிவோம்.